நியோஸ்போரின் டப்பாவில் ஒரு சிறுமியின் பெயர்

அடிபட்ட இடத்தில் நியோஸ்போரின் பவுடர் தூவியிருப்பீங்க. டப்பாவைத் திருப்பிப் படிங்க, பேசிட்ராசின்னு ஒண்ணு இருக்கும். அந்தப் பெயரில் பாதி ஒரு ஏழு வயசுக் குழந்தையுடையது.

1943, நியூயார்க். மார்கரெட் டிரேசிக்குக் கால் எலும்பு முறிந்து, புண்ணில் மண்ணும் அழுக்கும். பென்சிலின் பெரும்பாலும் போர்முனைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். இப்படிப்பட்ட முறிவில் சீழ் பிடித்தால் காலே போகலாம்.

வெட்டியெடுத்த திசுவை கொலம்பியா பல்கலைக்கழக லேபில் பல்பினா ஜான்சன் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். ஸ்டெஃபைலோகாக்கஸ் இருந்தது. இரவு முழுக்க வளர விட்டார். காலையில் அதைக் காணோம்! செழித்திருந்தது ஒரு குச்சி வடிவ மண் பாக்டீரியா, பேசில்லஸ். 'கன்டாமினேஷன்'னு சிங்க்கில் கொட்டியிருக்கலாம் (பல லேபில் அதுதான் நடக்கும்). அவர் கொட்டல. பாக்டீரியாவை வடிகட்டிய திரவத்துக்கும் கொல்லும் சக்தி இருந்தது. 1945-ல் ஆங்கர், மெலினியோடு சேர்ந்து சயின்ஸ் இதழில் வெளியிட்டார். பேசில்லஸ் + டிரேசி = பேசிட்ராசின்.

எப்படிக் கொல்லுது? குச்சி குச்சியாகவும் காக்கஸ் உருண்டையாகவும் நிற்பது செல் சுவரால்தான். அந்தச் சுவருக்குச் செங்கல் சுமக்கும் வண்டி, சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது பேசிட்ராசின் அதை மடக்கிடும். செங்கல் வராமல், வளர்கிற செல் வெடிக்கும்.

முதலில் ஊசியாவும் போட்டாங்க. கிட்னி கெட்டதால் இன்று பெரும்பாலும் மேலே போடுவதோடு சரி. டப்பாவில் கூட இருக்கும் பாலிமிக்சினும் இன்னொரு மண் குச்சி தந்ததுதான்.

டெட்டனஸ் கிருமியும் மண்ணில் கிடக்கும் குச்சிதாங்க. அதுக்கு இந்தப் பவுடர் போதாது. சோப்புப் போட்டு நல்லாக் கழுவிட்டு ஊசிக்கு வாங்க.