கட்டடம் எழும் முன்: சிங்கை ஆற்றுமுகம் தரும் பாடம்

சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு காலத்தில் சுமார் 3 மீட்டர் உயரமுள்ள பாறை ஒன்று நின்றது. அதில் ஏறத்தாழ 50 வரிகள் பொறிக்கப்பட்டிருந்தன. 1843ஆம் ஆண்டு, கோட்டைப் பணிக்கு இடம் வேண்டுமென்று ஆங்கிலேய அதிகாரிகள் அதை வெடிவைத்துத் தகர்த்தனர். தப்பிய சில துண்டுகள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டன. அங்கிருந்து திரும்பிய ஒரு துண்டு இன்று நம் தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அந்த எழுத்துகளுக்கு இன்றுவரை எவராலும் உறுதியாகப் பொருள் கூற முடியவில்லை.

அதே ஆற்றுமுகத்தில் பின்னாளில் வேறொரு வழக்கம் பிறந்தது. 1984இல் பேராசிரியர் ஜான் மிக்சிக் கேனிங் கோட்டைக் குன்றில் அகழாய்வு நடத்தினார். 1994-95இல் புதிய நாடாளுமன்றக் கட்டடம் எழும் முன்பு அந்த நிலம் ஆராயப்பட்டது. 2015இல் எம்பிரஸ் பிளேஸ் வட்டாரச் சீரமைப்பை முன்னிட்டு நடந்த அகழாய்வில் சுமார் 3 டன் எடையுள்ள பொருள்கள் கிடைத்தன. சீனப் பீங்கான் துண்டுகள், மண்பாண்ட ஓடுகள், நாணயங்கள் எனப் பல அவற்றுள் அடங்கும். 1819இல் ராஃபிள்ஸ் வருவதற்கு 500 ஆண்டுகளுக்கு முன்பே, 14ஆம் நூற்றாண்டில், இங்கே செழிப்பான துறைமுகம் இருந்ததற்கு இந்த அகழாய்வுகள் சான்றாயின.

அகழாய்வு செய்வோர் அவசரப்படுவதில்லை. நிலத்தைச் சதுரங்களாகப் பிரித்து, மண்ணை அடுக்கடுக்காக அகற்றி, சல்லடையில் சலிக்கிறார்கள். எந்த ஆழத்தில், எதனோடு சேர்ந்து கிடைத்தது என்று ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்கிறார்கள். அந்தக் குறிப்பு இல்லையென்றால், எவ்வளவு அழகான பீங்கானும் வெறும் ஓடுதான். கட்டடம் எழுந்துவிட்டால் மறுவாய்ப்பும் இல்லை.

இந்த ஆற்றோடு நமக்கும் உறவு உண்டு. 1822ஆம் ஆண்டு நகரத் திட்டத்தில் ஆற்றங்கரையில் சூலியா கம்பத்துக்கென இடம் ஒதுக்கப்பட்டது. தொடக்ககாலத்தில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்குத் தோணிகளை ஓட்டியவர்களில் பலர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள். 1826இல் தோன்றிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் அதன் அருகே நாகூர் தர்காவும் அவர்கள் காலத்தை நினைவூட்டி நிற்கின்றன. ஆனால் தோணி தள்ளிய கைகளுக்கு உரியவர்களின் பெயர்களில் எத்தனை நமக்குத் தெரியும்?

அந்தப் பெயர்களைத் தேட மண்ணைத் தோண்ட வேண்டியதில்லை. பலருடைய வீடுகளில் பாட்டனார் காலத்துப் பெட்டி ஒன்று இன்னும் இருக்கிறது. ஊரிலிருந்து வந்த கடிதங்கள், பழைய கடவுச்சீட்டு, நிக்காஹ் பதிவு, கடைக் கணக்கேடு எல்லாம் அதற்குள் கிடக்கலாம். வீடு மாறும்போதும் புதுப்பிக்கும்போதும் முதலில் குப்பைக்குப் போவது அந்தப் பெட்டிதான்.

அதைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் யார், எங்கே, எந்த ஆண்டு என்று எழுதி வையுங்கள். பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். பெயர் எழுதாத படத்தை நம் பேரப்பிள்ளைகள் கையில் எடுத்தால், அது அவர்களுக்கு எதையும் சொல்லாது.