எட்டாத மூலைகளில் ‘கட் அன்ட் பொலிஷ்’: பெயின்டைக் காப்பாற்றுவது எப்படி?

களனி கங்கைப் பள்ளத்தாக்கில், பொல்பிட்டிய சமனல நீர்மின் நிலையம் 1969ஆம் ஆண்டு முதல் இயங்கி வருவது மலையகத்தின் மழையால்தான். கினிகத்தேனை, ஹட்டன் பக்கமாக ஓடும் வான்களிலும் கார்களிலும் அதே மழை வேறொரு தடத்தை விட்டுச் செல்கிறது. கதவு றப்பர் ஓரங்களில் பச்சைப் பாசி, கைபிடிக் குழிகளில் கறுப்புக் கறை, இலக்கத் தகட்டைச் சுற்றி மங்கல். யாழ்ப்பாணத்திலோ இதே இடங்களில் சுண்ணாம்பு கலந்த கிணற்று நீரின் வெள்ளைப் பொட்டுகளைக் காணலாம்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதுவரை கையில் இருந்த வாகனத்தைப் பேணுவதைத் தவிர வழியிருக்கவில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சிறிதளவு பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெயில் மொறிஸ் மைனரையும் ஒஸ்டினையும் ஓட்டிய வடபகுதி மக்களுக்கு இது புதிதல்ல. பலருக்கு அந்த வாகனமே தொழில். விற்க நேர்ந்தால் அதுவே சேமிப்பு. பெயின்ட் கெட்டால் அதன் விலையும் விழும்.

விளிம்பில் ஏன் ஆபத்து?

இன்றைய கார்களில் நிறப் பூச்சின் மேல் ‘கிளியர் கோட்’ எனும் நிறமற்ற படை இருக்கிறது. தொழிற்சாலைப் பூச்சில் இதன் தடிப்பு பொதுவாக 40 முதல் 50 மைக்ரோன் வரைதான். ஒரு தலைமுடியை விட மெல்லியது. பொலிஷ் செய்வது என்பது இந்தப் படையில் சிறிதளவைத் தேய்த்து எடுப்பதே. எடுத்தது திரும்பி வராது.

போனட், கதவு ஆகியவற்றின் விளிம்புகளிலும் மடிப்புக் கோடுகளிலும் இந்தப் படை இன்னும் மெல்லியதாக இருக்கும். இயந்திரத்தின் அழுத்தமும் வெப்பமும் அங்கேதான் குவியும். சில விநாடிக் கவனக்குறைவு போதும், அடிப்பூச்சு தெரிந்துவிடும். அதன் பின் அந்தப் பகுதிக்கு மீண்டும் பெயின்ட் அடிப்பதே வழி.

பழைய கார்களில் கிளியர் கோட் இல்லாமலும் இருக்கலாம். மறைவான ஓரிடத்தில் வெள்ளைத் துணியில் சிறிது கொம்பவுண்ட் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். காரின் நிறம் துணியில் ஒட்டினால் மேற்படை இல்லை என்று கொள்ளலாம். வெள்ளைக் காருக்குக் கறுப்புத் துணி வேண்டும்.

இயந்திரமும் பட்டும்

ஒரே அச்சில் சுழலும் ‘றோட்டரி’ வேகமாக வெட்டும், விரைவாகச் சூடேற்றும். சுழன்றபடியே அசையும் ‘டுவல் அக்ஷன்’ இயந்திரம் புதிதாகப் பழகுவோருக்குப் பாதுகாப்பானது. 5 அல்லது 6 அங்குல பட் நுழையாத இடத்துக்கு 3 அங்குல, 2 அங்குல பட்டுகள் உள்ளன. சிறிய பட் என்பதால் ஆபத்து குறையாது. வெப்பம் சிறிய பரப்பில் குவியும். வேகத்தைக் குறையுங்கள், அடிக்கடி நிறுத்திப் புறங்கையால் சூட்டைப் பாருங்கள். பிளாஸ்டிக் பம்பரில் வெப்பம் பரவாது. அங்கே கூடுதல் கவனம் தேவை.

இடத்துக்கு இடம் செய்ய வேண்டியவை

முதலில் மென்மையான பிரஷ்ஷால் றப்பர் இடுக்குகளில் உள்ள பாசியையும் மணலையும் கழுவி, நன்றாக உலர விடுங்கள். இடுக்கில் தங்கிய ஒரு மணல் பட்டில் ஏறினால் பெயின்ட் முழுதும் கீறலாகும்.

- விளிம்புகள், மடிப்புகள்: மாஸ்கிங் டேப் ஒட்டி வேலை செய்யுங்கள். இறுதியில் டேப்பை எடுத்துவிட்டு அந்தக் கோட்டைக் கையால் மட்டும் தேயுங்கள். பட் விளிம்பை விட்டு வெளிநோக்கிச் சுழல வேண்டும். விளிம்புக்குள் ஏறிச் சுழலக்கூடாது.
- கைபிடிக் குழி: நகக் கீறல்கள் இங்கேதான் அதிகம். விரலில் மைக்ரோஃபைபர் துணியைச் சுற்றி, மென்மையான பொலிஷால் கையாலேயே செய்யுங்கள்.
- பக்கக் கண்ணாடியின் அடி: கண்ணாடியை மடித்துவிட்டு 2 அங்குல பட்டைத் தட்டையாகப் பிடியுங்கள். நுழையாவிட்டால் சரித்துத் திணிக்க வேண்டாம்.
- இலக்கத் தகடு: கழற்றிவிட்டுச் செய்வது சுலபம்.
- றப்பரும் கறுப்பு பிளாஸ்டிக்கும்: டேப்பால் மூடுங்கள். கொம்பவுண்ட் காய்ந்தால் வெள்ளைக் கறை போவது கடினம்.

எப்போதும் மிக மென்மையான பொலிஷில் தொடங்கி, சிறிய இடத்தில் சோதித்த பின்னரே கடுமையானதற்குப் போக வேண்டும். வெயிலில் சூடான தகட்டில் வேலை வேண்டாம்.

மழைப் பிரதேசத்தில் மற்றொன்றும் முக்கியம். ஈரத் தரையில் நின்று மின் இயந்திரத்தை இயக்காதீர்கள். வயரைத் தோளின் மேலாகப் போட்டுக்கொள்ளுங்கள். ட்ரிப் சுவிச் வேலை செய்கிறதா என முதலில் பாருங்கள். கண்ணாடியும் முகக்கவசமும் அணியுங்கள்.

எங்கே நிறுத்துவது?

நகத்தை ஓட்டும்போது தடக்கும் கீறல் கிளியர் கோட்டில் ஆழமாக இறங்கியிருக்கிறது. அதை முழுதாக எடுக்க முயன்றால் படையே போய்விடும். விளிம்பில் ஒரு கீறல் மிஞ்சுவது குறையல்ல. மிச்சம் இருக்கும் அந்த மெல்லிய படைதான் இன்னும் பல மழைக்காலங்களுக்குத் தகட்டைத் துருவிலிருந்து காக்கப்போகிறது.