காம்போஸிஷன் நோட்டைத் திருத்துவது யார்?

அமெரிக்காவில் ஹைஸ்கூல் என்றால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை நான்கு வருஷம். கணக்கு, சயின்ஸ் போன்றவற்றைப் பல மாநிலங்களில் மூன்று வருஷத்தோடு முடித்துக்கொள்ளலாம். இங்கிலீஷை மட்டும் பெரும்பாலான இடங்களில் நான்கு வருஷமும் படித்தாக வேண்டும். அந்த ஒரு பாடத்துக்குள்ளேயே ஷேக்ஸ்பியரும் உண்டு, கட்டுரை எழுதும் பயிற்சியும் உண்டு. பேரன் பேத்திகள் அங்கே படிக்கிற நம் ஊர்த் தாத்தா பாட்டிகளுக்கு இது தெரிந்த விஷயம்தான். இந்த இரண்டும் எப்படி ஒரே பாடமாயின, அதில் எழுதுகிற பாதி மட்டும் ஏன் எப்போதும் சவலைப் பிள்ளையாகவே இருந்துவந்திருக்கிறது என்பதற்கு ஒரு நீண்ட கதை இருக்கிறது. முப்பது வருஷம் ஹைஸ்கூலில் இங்கிலீஷ் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்கு அதில் கொஞ்சம் சொந்த அக்கறையும் உண்டு.

150 வருஷத்துக்கு முன்னால் அங்கே இப்படி ஒரு பாடமே கிடையாது. காலேஜில் சேர லத்தீன், கிரேக்கம், கணக்கு தெரிந்தால் போதும். பள்ளிகளில் இங்கிலீஷ் என்ற பெயரில் நடந்தது இலக்கணம், வாக்கியத்தைப் பிரித்துச் சொல் சொல்லாக இனம் சொல்வது, மக்கஃபி ரீடர் போன்ற வாசகப் புத்தகங்களை உரக்க வாசிப்பது, அவ்வளவுதான். பாஸ்டனில் 1821இல் தொடங்கிய பள்ளிக்கு இங்கிலீஷ் ஹைஸ்கூல் என்று பெயர். அங்கே லத்தீன் கிடையாது என்பதைச் சொல்லத்தான் அந்தப் பெயர். இங்கிலீஷ் இலக்கியம் உண்டு என்பதற்காக அல்ல.

நிலைமையை மாற்றியது ஹார்வர்டு. 1869இல் அதன் தலைவராக வந்த சார்லஸ் எலியட் அடிப்படையில் கெமிஸ்ட்ரி ஆசிரியர். தாய்மொழியில் ஒழுங்காக நாலு வரி எழுதத் தெரியாத பையன்கள் லத்தீன் படித்து என்ன பயன் என்பது அவர் கட்சி. தன்னோடு படித்த ஆடம்ஸ் ஷெர்மன் ஹில் என்பவரை 1872இல் அழைத்து வந்து எழுத்துப் பயிற்சிக்குப் பொறுப்பாக்கினார். ஹில் அதற்குமுன் பத்திரிகைக்காரர். 1873-74க்கான விவரப் புத்தகத்தில் ஒரு புது விதி சேர்ந்தது. சேர வருகிற ஒவ்வொருவரும் எழுத்துப் பிழை, நிறுத்தக்குறிப் பிழை, இலக்கணப் பிழை இல்லாமல் ஒரு சிறு கட்டுரை எழுதிக் காட்ட வேண்டும். தலைப்பு அறிவிக்கப்பட்ட புத்தகங்களிலிருந்து வரும். 1874க்கான பட்டியலில் ஷேக்ஸ்பியரின் டெம்பெஸ்ட், ஜூலியஸ் சீசர், மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ் இருந்தன. கோல்டுஸ்மித்தின் விகார் ஆஃப் வேக்ஃபீல்டு, வால்டர் ஸ்காட்டின் ஐவன்ஹோ, அவருடைய ஒரு நீண்ட கதைப்பாடல் ஆகியவையும் இருந்தன.

இந்த விதியைக் கவனித்துப் படிக்க வேண்டும். ஹார்வர்டு கேட்டது எழுத்தை. எல்லாப் பையன்களுக்கும் எழுதப் பொதுவாக ஒரு விஷயம் வேண்டுமே, அதற்காகத்தான் புத்தகங்கள் வந்தன. ஐவன்ஹோவைப் பையன் ரசித்தானா என்பது பரீட்சை வைத்தவர்களின் கவலையில்லை. கமா சரியான இடத்தில் விழுந்ததா என்பதே அவர்கள் பார்த்தது.

ஆனால் பள்ளிகள் என்ன செய்யும்? பரீட்சைக்கு எந்தப் புத்தகமோ அதை நடத்தும். நம் ஊரில் ஆனாலும் அங்கே ஆனாலும் இது மாறாத நியாயம். மற்றக் கல்லூரிகளும் ஹார்வர்டைப் பார்த்து ஆளுக்கொரு பட்டியல் போட்டன. பதிப்பகங்கள் அருஞ்சொற்பொருளும் குறிப்பும் சேர்த்துப் பள்ளிப் பதிப்புகளைக் கொண்டுவந்தன. மாசசூசெட்ஸில் ஹைஸ்கூல் தலைமையாசிரியராக இருந்த வில்லியம் ரோல்ஃப் என்பவர் ஷேக்ஸ்பியர் நாடகங்களுக்குப் போட்ட பள்ளிப் பதிப்புகள் அந்தக் காலத்தில் பிரசித்தம். எழுத்துக்குத் துணையாக வந்த இலக்கியம், வந்த வேகத்தில் வீட்டுக்காரராகி, எழுத்தைத் திண்ணைக்கு அனுப்பிவிட்டது.

இதற்கிடையில் 1879இல் ஹார்வர்டு பரீட்சை எழுதியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் இங்கிலீஷில் தேறவில்லை. பழி பள்ளிகள்மேல் விழுந்தது. 1892இல் ஹார்வர்டு மேற்பார்வைக் குழுவின் சார்பில் மூன்று பேர் கமிட்டி ஒன்று மாணவர்களின் கட்டுரைகளைக் கட்டுக்கட்டாகப் படித்துவிட்டு ஓர் அறிக்கை கொடுத்தது. மூவரில் ஒருவர் ரயில்வே கம்பெனித் தலைவராக இருந்தவர், ஒருவர் பத்திரிகை ஆசிரியர். பள்ளி வாத்தியார் ஒருவரும் இல்லை. பள்ளியிலேயே முடித்து அனுப்ப வேண்டிய வேலையைக் கல்லூரியின் தலையில் கட்டுகிறார்கள் என்பது அறிக்கையின் சாரம். அதே வருஷம் எலியட் தலைமையில் பத்துப் பேர் கமிட்டி என்ற இன்னொரு கமிட்டி அமைந்து, ஹைஸ்கூலில் என்னென்ன நடத்தலாம் என்று நாடு முழுமைக்கும் யோசனை சொன்னது. இங்கிலீஷுக்கு நான்கு வருஷமும் வாரம் ஐந்து பீரியட் ஒதுக்கலாம் என்று அதன் துணைக்குழு எழுதியது. இலக்கியம், எழுத்து இரண்டும் சேர்ந்ததே இங்கிலீஷ் என்பது அதோடு உறுதியாயிற்று.

பட்டியல்கள் ஆளுக்கொரு விதமாக இருந்த தொல்லையைப் போக்க 1894இல் பொதுப் பட்டியல் ஒன்று வகுத்தார்கள். மேலோட்டமாகப் படிக்கச் சில புத்தகம், துருவிப் படிக்கச் சில புத்தகம். மிட்வெஸ்ட் பக்கத்து ஆசிரியர்களுக்கு இது பிடிக்கவில்லை. விவசாயி வீட்டுப் பிள்ளையும் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் படிக்க வேண்டியதைக் கிழக்குக் கரைக் கல்லூரிகள் எப்படி முடிவு செய்யலாம் என்று கேட்டார்கள். பொதுப் பள்ளிகளில் 1890இல் சுமார் 2 லட்சம் பேர் ஹைஸ்கூல் படித்தார்கள். 1910இல் அது 9 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அவர்களில் பெரும்பாலோர் கல்லூரிப் பக்கமே போகப்போவதில்லை. 1911 டிசம்பரில் சிகாகோவில் கூடி இங்கிலீஷ் ஆசிரியர்களின் தேசிய கவுன்சில் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள்.

அந்தச் சங்கத்தின் பத்திரிகை அடுத்த மாதம், 1912 ஜனவரியில், வெளிவந்தது. முதல் இதழின் முதல் கட்டுரையை எழுதியவர் கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வின் ஹாப்கின்ஸ். இப்போதுள்ள நிலைமையில் கட்டுரைப் பயிற்சியை ஒழுங்காக நடத்த முடியுமா என்பதுதான் தலைப்பு. முடியாது என்று ஒரே சொல்லில் எடுத்த எடுப்பிலேயே பதிலும் சொல்லிவிட்டார். அவர் இலக்கியக் கொள்கை எதுவும் பேசவில்லை. கணக்குப் பேசினார். ஓர் ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள், ஒருவர் வாரம் எத்தனை பக்கம் எழுதுகிறார், ஒரு பக்கத்தைப் படித்துத் திருத்த எவ்வளவு நேரம் என்று நாடெங்கும் ஆசிரியர்களிடம் கேட்டுத் திரட்டி வைத்திருந்தார்.

கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். ஐந்து வகுப்பு, வகுப்புக்கு 25 பேர், மொத்தம் 125. வாரம் ஆளுக்கு ஒரு கட்டுரை. ஒன்றைப் படித்து, பிழை குறித்து, கீழே உருப்படியாக இரண்டு வரி எழுத எட்டு நிமிஷம் என்று கஞ்சத்தனமாகவே வைத்துக்கொள்வோம். 1,000 நிமிஷம் ஆகிறது. பதினாறு மணி நேரம் நாற்பது நிமிஷம். பள்ளிக்கூட நேரம் முடிந்து, வீட்டுக்குப் போய், சமையலையும் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு. ஹைஸ்கூல் ஆசிரியர்களில் பாதிக்கு மேல் பெண்கள் இருந்த நாடு அது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கெமிஸ்ட்ரிக்கு லேபரட்டரி கட்டிக் கொடுத்தார்கள். கட்டுரை எழுதுவதற்குப் பேப்பரும் பேனாவும் போதுமே, இதில் செலவு எங்கே வருகிறது என்று பள்ளி நிர்வாகங்கள் நினைத்தன. ஒரு கட்டு நோட்டைச் சைக்கிள் கேரியரில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனவர்களுக்குத் தெரியும் செலவு எங்கே வருகிறது என்று.

ஹாப்கின்ஸ் சொன்னதை யாரும் மறுக்கவில்லை, பெரிதாக எதுவும் செய்யவுமில்லை. 47 வருஷம் கழித்து, 1959இல், ஜேம்ஸ் கோனன்ட் அமெரிக்க ஹைஸ்கூல் பற்றி ஒரு புகழ்பெற்ற அறிக்கை எழுதினார். அவரும் ஹார்வர்டின் முன்னாள் தலைவர். அவரும் கெமிஸ்ட்ரிக்காரர்! இங்கிலீஷுக்கான நேரத்தில் பாதி எழுத்துக்குப் போக வேண்டும், வாரம் சராசரியாக ஒரு கட்டுரை எழுத வைக்க வேண்டும், ஓர் ஆசிரியருக்கு 100 பிள்ளைகளுக்கு மேல் கூடாது என்றார். ஏறக்குறைய அதே சமயத்தில், பரீட்சை நடத்தும் நிறுவனமான ஈடிஎஸ்ஸில் இருந்த பால் டீடரிக் ஒரு வழி பார்த்தார். காலேஜ் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்களைச் சம்பளம் கொடுத்துக் கட்டுரை திருத்த வைப்பது. சில ஊர்களில் அது நடந்தும் இருக்கிறது.

இதே டீடரிக் 1961இல் தன் சகாக்களோடு வெளியிட்ட ஆய்வு எனக்கு எப்போதும் வியப்பு. கல்லூரி முதலாண்டு மாணவர்களின் 300 கட்டுரைகளை, ஆறு துறைகளைச் சேர்ந்த 53 பேரிடம் கொடுத்து, ஒன்பது தரமாகப் பிரிக்கச் சொன்னார்கள். 101 கட்டுரைகளுக்கு ஒன்பது தரமும் கிடைத்தன. அதாவது ஒரே கட்டுரையை ஒருவர் முதல் தரம் என்றார், இன்னொருவர் கடைசித் தரம் என்றார். ஐந்து விதத் தரத்துக்குக் குறைவாக வாங்கிய கட்டுரை ஒன்றுகூட இல்லை. பதினாறு மணி நேரம் உட்கார்ந்து திருத்தினாலும் கிடைப்பது இதுதான் என்றால், எந்த ஆசிரியருக்குக் கை ஓடும்?

கை ஓடவில்லை என்பது அளந்தபோது தெரிந்தது. 1960களில் ஸ்கொயர், ஆப்பிள்பீ என்ற இருவர் நல்ல பெயரெடுத்த ஹைஸ்கூல்களாகப் பார்த்து வகுப்புக்குள் போய் உட்கார்ந்து கவனித்தார்கள். இங்கிலீஷ் நேரத்தில் பாதிக்கு மேல் இலக்கியத்துக்குப் போயிற்று. எழுத்துக்குக் கிடைத்தது ஆறில் ஒரு பங்கு. 1981இல் இன்னொரு ஆப்பிள்பீ, ஆர்தர் ஆப்பிள்பீ, எல்லாப் பாடங்களையும் சேர்த்துப் பார்த்தார். பிள்ளைகள் ஒரு பாராவாவது தொடர்ந்து எழுதிய நேரம் வகுப்பு நேரத்தில் 3 சதவீதம். மற்றதெல்லாம் கோடிட்ட இடம் நிரப்புவது, ஒரு வரி விடை, போர்டைப் பார்த்து எழுதுவது. இலக்கியமோ ஆணி அடித்தாற்போல நின்றது. 1989இல் அவரே எடுத்த கணக்கில் பொதுப் பள்ளிகளில் பத்தில் ஏழு ஜூலியஸ் சீசர் நடத்திக்கொண்டிருந்தன. 1874இல் ஹில் போட்ட பட்டியலில் இருந்த அதே சீசர்தான்.

நேரமில்லாத ஆசிரியர்களுக்கு ஒரு சுருக்குவழி கிடைத்திருந்தது. ஐந்து பாராக் கட்டுரை. முன்னுரை ஒரு பாரா, மூன்று காரணத்துக்கு மூன்று பாரா, முடிவுரை ஒரு பாரா. அமெரிக்காவில் படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இது பிள்ளைகளின் சிந்தனைக்கு உதவுகிறது என்று சொல்லிக்கொண்டாலும் திருத்துகிறவருக்குத்தான் முதல் உதவி. எது எங்கே இருக்கும் என்று கண் தானாகத் தேடிக்கொள்ளும். இதில் நம் ஊர் இன்னும் ஒருபடி மேலே போனது. எங்கள் காலத்தில் கட்டுரையை ஆசிரியரே போர்டில் எழுதிவிடுவது வழக்கம். பிள்ளைகள் காம்போஸிஷன் நோட்டில் அப்படியே காப்பி எழுதுவார்கள். 45 நோட்டிலும் ஒரே மழைநாள், ஒரே பொங்கல் திருநாள். ஆய்வுக்கு வரும் அதிகாரிக்குச் சிவப்பு மை தெரிந்தால் போதும். சோம்பேறித்தனம் என்று வெளியில் இருப்பவர்கள் சொல்லலாம். ஹாப்கின்ஸ் கணக்கைத் தெரிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

1975 டிசம்பரில் நியூஸ்வீக் பத்திரிகை, ஜானிக்கு ஏன் எழுத வரவில்லை என்று அட்டைப்படக் கட்டுரை போட்டது. நாடே அதைப் பற்றிப் பேசியது. நூறு வருஷத்துக்கு முன்னால் ஹில் சொன்ன அதே புகார்! அதற்கு முந்தின வருஷமே, பெர்க்லியில் ஜேம்ஸ் கிரே என்ற பழைய ஹைஸ்கூல் வாத்தியார் சத்தமில்லாமல் ஒரு காரியம் தொடங்கியிருந்தார். கோடை விடுமுறையில் பள்ளி ஆசிரியர்களை அழைத்து, முதலில் அவர்களை எழுத வைத்தார். தங்களுக்குக் கைவந்த உத்திகளை ஒருவருக்கொருவர் சொல்லித்தரச் சொன்னார். நாளடைவில் அது தேசிய அளவில் பரவியது. எழுதுகிறவர்களே எழுதச் சொல்லித்தருவது என்ற இந்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் இதுவும் நோட்டுக் கட்டின் எடையைக் குறைக்கவில்லை.

எடையைக் குறைக்க இயந்திரத்தை நம்பியவரும் ஒரு முன்னாள் ஹைஸ்கூல் இங்கிலீஷ் ஆசிரியர்தான். எல்லிஸ் பேஜ் 1966இலேயே கம்ப்யூட்டரால் கட்டுரைக்கு மார்க் போட முடியும் என்று எழுதிச் செய்தும் காட்டினார். வார்த்தை நீளம், வாக்கிய நீளம், கமா எண்ணிக்கை இவற்றை வைத்து இயந்திரம் போட்ட மார்க், மனிதர்கள் போட்ட மார்க்குக்குப் பக்கத்தில் வந்தது. கல்லூரி நுழைவுக்கான எஸ்ஏடி பரீட்சையில் 2005இல் 25 நிமிஷக் கட்டுரை ஒன்றைச் சேர்த்தார்கள். அதைத் திருத்தியவர்கள் ஒன்றுக்கு இரண்டு மூன்று நிமிஷம்தான் செலவிட்டார்கள். நீளமாக எழுதினால் மார்க் கூடும் என்று எம்ஐடியில் எழுத்துப் பயிற்சி நடத்திய லெஸ் பெரல்மன் எடுத்துக் காட்டினார். 2016இல் அதை விருப்பப் பகுதியாக்கி, 2021இல் பொதுவாக நிறுத்தியே விட்டார்கள்.

அதற்கு அடுத்த வருஷ நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. வீட்டில் எழுதி வரச் சொன்னால் யார் எழுதியது என்று தெரியவில்லை என்பதால், பல ஆசிரியர்கள் வகுப்பிலேயே பேனாவால் எழுத வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். கையெழுத்து புரியவில்லை என்று அங்கே இப்போது புதிதாக ஒரு புலம்பல் கேட்கிறது. டைப் அடித்த தாளைவிட அதைப் படிக்க இன்னும் கொஞ்சம் நேரம் கூடுதலாகப் பிடிக்கிறதாம்.