வரம்பில் கிடக்கும் ஓடு: கிளிவெட்டி வயல்நிலச் சான்றுகளை வாசிக்கும் முறை

கிழக்கிலங்கையில் கிளிவெட்டியைச் சூழ்ந்த கொட்டியாரப்பற்று வயல்களில் உழவு கிளப்பிவிடும் கல்லையோ ஓட்டுத் துண்டையோ எடுத்தவுடன் நாம் கேட்பது, ‘இது எவ்வளவு பழையது?’ என்பதே. அதற்கு முன் கேட்கவேண்டியது, ‘இது இங்கே எப்படி வந்தது?’ என்பது. இந்த வரிசை மாறுவதால்தான் வயல்நிலச் சான்றுகள் வீணாகின்றன என்பது என் வாதம்.

இது மகாவலி கொண்டுவந்து சேர்த்த வண்டல் நிலம். ஆறு பழைய தரையை மூடியும் விடும், எங்கோ கிடந்த கல்லை உருட்டிக் கொண்டுவந்தும் போடும். அதற்குமேல் மனிதக் கை: மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி வயலை மட்டப்படுத்துகிறோம், போகத்துக்குப் போகம் சேறடிக்கிறோம். இலங்கையின் நுண்கற்கருவிகள் பாஹியன் குகையில் ஏறத்தாழ 48,000 ஆண்டுகள் பழமையானவை. அநுராதபுரத்தில் இரும்புக்கால மட்பாண்டம் கி.மு. 900 அளவில் தொடங்குகிறது. இவ்வளவு இடைவெளி கொண்ட இரண்டு பொருள்கள் ஒரே வரம்பில் அருகருகே கிடந்தால், அந்த அண்மைக்குக் காலப் பொருள் எதுவும் இல்லை. வண்டல் மூடாத மேட்டுநில விளிம்பில் கிடைப்பதற்கே கூடுதல் எடை தருவேன்.

பொருளையும் உற்றுப் பார்க்கவேண்டும். இலங்கைக் கற்கருவிகளில் மிகுதி வெண்படிகக் கல். அது தாறுமாறாக உடையும். செர்ட் கல்லில் தெளிவாகத் தெரியும் அடிபட்ட புடைப்பு இதில் மங்கலாகவே இருக்கும். கலப்பைக் கொழு பட்டுச் சிதறிய சில்லும் கூர்மையாகத்தான் இருக்கும். ஒற்றைச் சில்லை நம்பக்கூடாது. ஒரே அளவில் பல சில்லுகளும், அவை உரிக்கப்பட்ட கருக்கல்லும் சேர்ந்து கிடைத்தால் பேசலாம். ஓட்டில் உட்புறமும் வாய்விளிம்பும் கறுத்து, வெளிப்புறம் சிவந்திருந்தால் அது கறுப்பு–சிவப்பு வகை. சூளையில் கவிழ்த்துச் சுட்டதால் உள்ளே காற்றுப் புகாமல் கறுத்தது என்பது பொதுவான விளக்கம்.

அந்த ஓடு ஓர் இனத்தின் கையொப்பம் அல்ல. வெருகலுக்குத் தெற்கே கதிரவெளியில் கற்பேழை ஈமச்சின்னங்கள் உண்டு. மேற்குக் கரையில் பொம்பரிப்பில் தாழிகள். இதே வகை ஓடு தமிழகம் எங்கும் கிடைக்கிறது. பகிர்ந்துகொண்ட தொழில்நுட்பத்தை வைத்து ‘இந்த நிலம் எங்களது’ என்று தமிழில் எழுதினாலும் சிங்களத்தில் எழுதினாலும் பிழை பிழைதான்.

கண்டெடுத்ததை வெளிப்படையாகக் காட்டியதற்குத் தமிழகத்தில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2006இல் மயிலாடுதுறை அருகே செம்பியன்கண்டியூரில் ஓர் ஆசிரியர் வீட்டுத் தோட்டத்தில் குழி வெட்டியபோது கற்கோடரி கிடைத்தது. அதிலிருந்த குறிகளைச் சிந்துவெளி எழுத்தென்றார் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன். மண்ணடுக்கோடு சேர்ந்து கிடைக்காத பொருள் என்பதால் அந்த வாசிப்பில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனாலும் கண்டெடுத்த ஆசிரியர் கோடரியை மறைக்கவில்லை. பின்னர் தமிழ்நாடு தொல்லியல் துறை அவ்வூரில் அகழாய்வு செய்தது.

கிழக்கில் அந்தத் துணிவு எளிதாக வராது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் கண்டெடுப்பை அறிவிக்கச் சொல்கிறது. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருளுக்கென அமைக்கப்பட்ட சனாதிபதி செயலணியோ பாதுகாப்புச் செயலாளர் தலைமையில், தொடக்கத்தில் தமிழரோ முஸ்லிமோ ஒருவரும் இல்லாமல் வந்தது. ஓட்டைக் காட்டினால் வயல் போய்விடும் என்று அஞ்சும் விவசாயி அதை வாய்க்காலில் எறிவது அறியாமையால் அல்ல. அறிவிப்பவரின் பயிர்செய்யும் உரிமைக்கு எழுத்தில் உறுதி தராமல் இங்கே மேற்பரப்பாய்வு நடக்காது.

அதுவரை, கண்டெடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஓட்டைக் கழுவாதீர்கள், எடுக்குமுன் வரம்போடு சேர்த்துப் படம் பிடித்து, வயலின் பெயரையும் திகதியையும் எழுதி வையுங்கள்.