வீழாமையும் நினைவும்: வடசென்னைக் குத்துச்சண்டைப் பரம்பரைகளில் வீரர் மதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

மேடையை விட்டு நீங்கிய குத்துச்சண்டை வீரர்களுள் யார் பெரியவர், யார் அதிகம் தாங்கியவர் என்னும் வாதம் அந்த ஆட்டம் வழங்கும் எல்லா ஊர்களிலும் உண்டு. வடசென்னையில் அது சார்பட்டா, இடியப்ப நாயக்கர் முதலான பரம்பரைகளின் பெயரால் நடந்துவருகிறது. அவ்வாதத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமா, கொள்வதாயின் எதற்குச் சான்றாகக் கொள்ளலாம் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வடசென்னை, குத்துச்சண்டை, பரம்பரை, வாய்மொழி நினைவு, சார்பட்டா, வீரர் மதிப்பீடு

பார்வையாளர் சான்று

தமிழில் மேடைச் சண்டையைப் பற்றிய வாதத்தின் பழைய பதிவு புறநானூற்றில் உள்ளது. போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் பாடியுள்ளார். எதிரியின் மார்பில் ஒரு காலை ஊன்றி, மறுகாலால் அவன் முயற்சியைத் தடுத்து நின்ற பிடியை 80ஆம் பாடல் நுணுக்கமாகக் காட்டுகிறது. அதே கிள்ளியைப் பாடிய நக்கண்ணையாரின் 85ஆம் பாடல் இவ்வாய்வுக்கு இன்னும் நெருக்கமானது. அவன் அந்த ஊரான் அல்லன், அந்த நாட்டான் அல்லன். ஆகவே வென்றவன் அவனே என்று ஒரு சாரார் சொல்ல, வெற்றி அவனுடையது அன்று என்று மற்றொரு சாரார் சொல்கின்றனர். பனைமரத்தைச் சார்ந்து நின்று பார்த்த தலைவியோ அவன் வென்றதைத் தான் கண்டதாகக் கூறுகிறாள்.

உரையாசிரியர்கள் இதனைக் கைக்கிளையாகக் கொண்டனர், அது சரியே. எனினும் வரலாற்று மாணவர்க்கு இப்பாடல் வேறொன்றையும் தருகிறது. ஒரே சண்டையைப் பார்த்தவர்கள் இரு முடிவு சொல்கின்றனர், அதற்குக் காரணம் ஊர்ச்சார்பு. மூன்றாவதாகக் கண்ணால் கண்டதைச் சொல்பவளோ மூவரிலும் மிகுந்த சார்புடையவள், அவள் அவனைக் காதலிப்பவள். குத்துச்சண்டை நினைவைச் சான்றாகக் கையாளும் எவரும் சந்திக்கும் சிக்கல் முழுவதும் இங்கே உள்ளது.

பரம்பரை என்னும் அலகு

வடசென்னையில் ‘ஆங்கிலக் குத்துச்சண்டை’ என வழங்கும் ஆட்டம் காலனிய ஆட்சியின் வழியே வந்தது. கையுறை, சுற்று, நடுவர் ஆகியவை இங்கிலாந்தின் குயின்ஸ்பெரி விதிகளைச் சார்ந்தவை. துறைமுகமும் படைப்பிரிவுகளும் இரயில்வே பணிமனைகளும் உள்ள நகரத்தில் அது பரவியதில் வியப்பில்லை. 1856இல் இராயபுரத்திலிருந்து புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் பாதை வட ஆர்க்காட்டை நகரத்தோடு இணைத்தது. பெரம்பூர்ப் பணிமனை, பக்கிங்காம் கர்நாடிக் ஆலைகள், துறைமுகம் ஆகியவற்றை நம்பி வந்த உழைப்பாளர்களும், காசிமேடு முதலிய குப்பங்களின் மீனவர்களும் கலந்து வாழ்ந்த நிலப்பரப்பே இந்த ஆட்டத்தின் களம். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியதும், 1921 ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பு கலவரக் களமானதும் இதே நிலப்பரப்பில்தான். உடலே முதலாக இருந்த மக்களிடையே உடல் வலிமை குறித்த பேச்சுக்குத் தனி மதிப்பு ஏற்பட்டது இயல்பு.

ஆட்டம் இறக்குமதியானது, அதனைத் தாங்கிய அமைப்பு இறக்குமதியானதன்று. சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்பச் செட்டியார் எனப் பெயர் பெற்ற ‘பரம்பரை’கள் இரத்த வழியைக் குறிப்பன அல்ல. வாத்தியார், மாணவர், மாணவரின் மாணவர் எனச் செல்லும் பயிற்சி வழியையே அவை குறிக்கின்றன. சிலம்பக் கூடத்தையும் இசைவாணர் குருமரபையும் ஒத்த ஏற்பாடு இது. ‘சார்பட்டா’ என்பதற்கு நான்கு கத்தி என்று சொல்லப்படும் விளக்கமும் ஆயுதப் பயிற்சிக் கூடத்தையே நினைவூட்டுகிறது. இரு பரம்பரைகளின் பெயரில் சாதிப் பட்டம் ஒட்டியிருப்பது கருதத்தக்கது. மேடையேறியவர்களோ மீனவர், தலித், கிறித்தவர், முஸ்லிம், ஆங்கிலோ இந்தியர் எனப் பல சமூகத்தினர். பெயரிலிருந்து பரம்பரையின் சமூகச் சேர்க்கையை ஊகிப்பது பிழையாகும்.

இவ்வமைப்பு வாதத்தின் வடிவத்தையே மாற்றுகிறது. அமெரிக்க இரசிகர் ‘டெம்ப்சியா, மார்சியானோவா’ என்று கேட்கும்போது இரு தனிமனிதர்களை ஒப்பிடுகிறார். வடசென்னையில் அதே கேள்வி ‘யாருடைய கை’ என்பதாகிறது. வீரன் வென்றால் வாத்தியாரின் பெயர் எழுகிறது, தோற்றால் பரம்பரை முழுவதும் தலைகுனிகிறது. ஆகவே தோல்விக்கு விளக்கம் தேடுவது இங்குத் தனிமனித அக்கறை அன்று. நடுவர் தீர்ப்பு சரியில்லை, உடம்பு சரியில்லாமல் மேடையேறினான், எடை ஒவ்வாது என்று காரணங்கள் நினைவில் சேர்ந்துகொண்டே போவதன் சமூகப் பயன் இதுதான்.

கித்தேரி முத்துவின் வெற்றி

இம்மரபில் முதலில் சொல்லப்படும் பெயர் சார்பட்டா பரம்பரையின் கித்தேரி முத்து. வெள்ளையராகச் சொல்லப்படும் நாட் டெர்ரி என்பவரை அவர் வீழ்த்தினார் என்பதும், பெரியார் அவரைத் ‘திராவிட வீரன்’ எனப் பாராட்டினார் என்பதும் வாய்மொழியாகவும் அண்மைக்கால இதழ்க் கட்டுரைகள் வழியாகவும் வழங்கிவருகின்றன.

ஒரு சண்டையின் முடிவு இந்நினைவில் மூன்று வெற்றிகளாக விரிகிறது: ஒரு வீரன் இன்னொருவனை வென்றது, ஒரு பரம்பரை தன் தகுதியை நிறுவியது, ஆளப்படுபவன் ஆள்பவன் இனத்தானை அவனுடைய ஆட்டத்திலேயே வென்றது. இவற்றுள் மூன்றாவதே இப்பெயரைக் காத்து நிற்கிறது எனலாம். உலகின் பிற பகுதிகளிலும் இத்தகைய நினைவுகள் உண்டு. 1910 ஜூலை 4 அன்று ரீனோ நகரில் ஜாக் ஜான்சன் ஜிம் ஜெஃப்ரீசை 15ஆம் சுற்றில் வீழ்த்தியபோது அமெரிக்க நகரங்கள் பலவற்றில் இனக்கலவரம் மூண்டது, சண்டையின் திரைப்படத்திற்குப் பல இடங்களில் தடை விதிக்கப்பட்டது. அதே ஆண்டில் மல்லர் காமா இலண்டனில் பெற்ற வெற்றி இந்திய இதழ்களுக்குத் தேசியச் செய்தியாயிற்று. ஜான்சனுக்கும் காமாவுக்கும் நாளிதழ்ப் பதிவுகள் ஏராளம். கித்தேரி முத்துவின் பெயரைச் சுமந்து வந்தவை பெரும்பாலும் தெருவும் தேநீர்க் கடையும் பயிற்சிக் கூடமும்.

எழுத்தின் நம்பகம்

எழுதப்பட்டது உண்மை, சொல்லப்பட்டது ஐயத்திற்குரியது என்னும் எளிய பிரிவினைக்கு இத்துறை இடம் தருவதில்லை. நாட் ஃபிளைஷர் 1922இல் தொடங்கிய ‘தி ரிங்’ இதழின் சண்டைக் கணக்கேடு நெடுங்காலம் மறுக்கவொண்ணாச் சான்றாகக் கொள்ளப்பட்டது. 1977இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக நடத்தப்பட்ட போட்டித் தொடர் ஒன்றில், சில வீரர்கள் நடவாத சண்டைகளில் வென்றதாக அவ்வேட்டில் பதிவாகியிருந்தமை வெளிப்பட்டுத் தொடரே நிறுத்தப்பட்டது. வில்லி பெப் 1946இல் ஜாக்கி கிரேவ்சுடன் மோதியபோது ஒரு குத்தும் விடாமல் மூன்றாம் சுற்றை வென்றார் என்னும் புகழ்பெற்ற செய்தி நேர்மாறான எடுத்துக்காட்டு. பல பத்தாண்டுகள் நூல்களில் திரும்பத் திரும்ப அச்சான அச்செய்தியை, சண்டை நடந்த காலத்து நாளிதழ்க் குறிப்பு மறுக்கிறது; அச்சுற்றில் பெப் நன்றாகவே குத்தியிருக்கிறார்.

‘யார் பெரியவர்’ என்பதைக் கணிப்பொறியிடம் கேட்ட வரலாறும் உண்டு. முர்ரே வோரோனர் என்னும் வானொலித் தயாரிப்பாளர் 1967இல் பல தலைமுறைகளைச் சார்ந்த 16 மிகுஎடை வீரர்களை என்.சி.ஆர். 315 கணிப்பொறியின் துணையால் மோதவிட்டார். அதில் ஜெஃப்ரீசிடம் தோற்றதாக அறிவிக்கப்பட்ட முகமது அலி தம் பெயருக்கு இழுக்கு என வழக்குத் தொடுத்தார். சமரசத்தின் விளைவாக 1969இல் அலியும் மார்சியானோவும் படப்பிடிப்புக்காக மோதினர். 1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் மார்சியானோ 13ஆம் சுற்றில் வென்றார், ஐரோப்பாவில் காட்டப்பட்ட வடிவில் அலி வென்றார். பார்வையாளர் எந்த ஊரினரோ அதற்கேற்ற முடிவை இயந்திரமும் தந்தது. நக்கண்ணையாரின் ஒரு சாராரும் மற்றொரு சாராரும் இதைக் கேட்டு வியந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே பரம்பரை வாதங்களைச் சண்டை முடிவுகளுக்கான சான்றாகக் கொள்வதைவிட, மதிப்பீட்டு அளவுகோல்களுக்கான சான்றாகக் கொள்வதே தக்கது. யார் வென்றார் என்பதில் அவை தவறலாம். எதனை வெற்றி என்று கருதினர் என்பதில் தவறுவது அரிது.

தாங்குதல் என்னும் அளவுகோல்

அவ்வளவுகோல்களுள் உச்சத்தில் இருப்பது வீழாமை. கால் வேலை, குத்தின் வேகம், தலையசைவு எல்லாம் பாராட்டப்படுகின்றன. இருப்பினும் வாதத்தை முடித்துவைக்கும் சொல் ‘எவ்வளவு வாங்கினாலும் நின்றான்’ என்பதே. இது வடசென்னைக்கு மட்டும் உரியதன்று. 93 சண்டைகளில் ஒருமுறையும் தரையில் விழாதவர் என்பதற்காகவே கனடாவின் ஜார்ஜ் சுவாலோ நினைக்கப்படுகிறார். 1975 அக்டோபரில் மணிலாவில் 14 சுற்றுகள் நின்ற ஜோ ஃபிரேசியரின் பெருமை அத்தோல்வியால் குறையவில்லை, கூடியது. 1980 நவம்பரில் இடையிலேயே சண்டையைக் கைவிட்ட ராபர்ட்டோ துரானை அதற்கு முந்தைய வெற்றிகளும் நெடுநாள் காக்கவில்லை.

இந்த அளவுகோலுக்கு ஒரு விலை இருந்தது. அதனை இரசிகர் வாதம் பெரும்பாலும் கணக்கில் கொள்வதில்லை என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது. நியூ ஜெர்சி நோயியல் மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928இலேயே, தொடர்ந்து தலையில் குத்து வாங்கிய வீரர்களிடம் தோன்றும் நடைத் தளர்ச்சியையும் மனக்குழப்பத்தையும் மருத்துவ இதழில் விளக்கினார். 1982 நவம்பரில் லாஸ் வேகாசில் 14ஆம் சுற்றில் வீழ்ந்த கொரிய வீரர் கிம் தக்-கூ சில நாள்களில் இறந்த பிறகே உலகக் குத்துச்சண்டைக் கழகம் பட்டச் சண்டைகளை 15 சுற்றிலிருந்து 12 ஆகக் குறைத்தது.

சென்னைக்கு இச்செய்தி தொலைவானதன்று. 1980 தொடக்கத்தில் முகமது அலி சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் முன்னாள் உலக வாகையர் ஜிம்மி எல்லிசுடன் காட்சிச் சண்டையிட்டார். அப்போதைய முதல்வர் எம்.ஜி.ஆர். அவரை வரவேற்றார். வடசென்னையின் நினைவில் அந்நாள் ஒரு திருவிழா. அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று லாரி ஹோம்சிடம் பத்துச் சுற்றுகள் அடி வாங்கிய அலியை அவர் தரப்பினரே நிறுத்தினர். 1984இல் அவருக்குப் பார்க்கின்சன் நோய்க்கூறு கண்டறியப்பட்டது. சென்னை பார்த்த அலி ஏற்கெனவே அதிகம் தாங்கிவிட்ட அலி. அந்த வருகையைப் பற்றிய நினைவுப் பேச்சில் அவருடைய சிரிப்பும் கால் வேலையும் இடம்பெறுகின்றன, இது இடம்பெறுவதில்லை.

திரைப்படத்திற்குப் பின்

பா. இரஞ்சித் இயக்கி, அவரும் தமிழ்ப்பிரபாவும் எழுதிய ‘சார்பட்டா பரம்பரை’ 2021 ஜூலையில் வெளியானது. இதற்கு முன் 2015இல் வந்த ‘பூலோகம்’ இக்களத்தைத் தொட்டிருந்தாலும் நினைவு விவாதத்தை எழுப்பவில்லை. ‘சார்பட்டா’ எழுப்பியது. பழைய வீரர்களையும் அவர்தம் குடும்பத்தினரையும் இதழ்களும் காட்சி ஊடகங்களும் தேடிச் சென்றன. டான்சிங் ரோஸ் என்னும் கற்பனைப் பாத்திரத்தின் மூலம் யார் என்பது ஒரு கேள்வியாயிற்று. பலர் பிரித்தானிய வீரர் நசீம் ஹமீதை நினைத்தனர். நெருக்கடி நிலைக் காலத்தை மையமாகக் கொண்ட படம் எம்.ஜி.ஆரின் விளையாட்டுப் பங்களிப்பை மறைக்கிறது என அ.தி.மு.க. முன்னாள் அமைச்சர் ஜெயக்குமார் கண்டித்தார். யாருடைய கை என்னும் பழைய கேள்வி எந்தக் கட்சியின் கை என்பதாக நீண்டது.

படம் செய்த நன்மை வெளிப்படை. நகரத்தின் பிற பகுதியினர் குற்றச் செய்திகளின் வழியே மட்டும் அறிந்திருந்த ஒரு வட்டாரத்திற்கு விளையாட்டு வரலாறு உண்டு என்பதை அது நிறுவியது. மேலும், மகன் மேடையேறுவதை எதிர்க்கும் பாக்கியம் என்னும் தாய்ப் பாத்திரத்தின் வழியே, வீரப் பேச்சு விட்டுவிடுவதை அது பேசவைத்தது. அவளுடைய கணவனும் குத்துச்சண்டை வீரன். அந்த வாழ்வு அவனை எங்குக் கொண்டு சேர்த்தது என்பதை அவள் அறிவாள்.

இடர் வேறிடத்தில் உள்ளது. 2021க்குப் பின் எடுக்கப்படும் எந்த நேர்காணலிலும் படத்தின் மொழி கலந்திருக்கும். ‘ரோசமான ஆங்கிலக் குத்துச்சண்டை’ என்னும் தொடரை ஒரு முதியவர் சொல்லும்போது, அது இளமையில் சுவரொட்டியில் படித்ததா, திரையில் கேட்டதா என்று பிரித்தறிவது கடினம். இருபெரும் பரம்பரைகளின் மோதலாகக் கதை அமைந்ததால் எல்லப்பச் செட்டியார் பரம்பரை போன்றவை நினைவின் ஓரத்திற்குத் தள்ளப்படவும் கூடும்.

இந்நிலையில் ஆவணப் பணி இரு முனைகளில் நடைபெற வேண்டியுள்ளது. ஒன்று, சமகாலப் பதிவு. ‘குடி அரசு’, ‘விடுதலை’, ‘சுதேசமித்திரன்’, ‘தினத்தந்தி’ ஆகியவற்றின் விளையாட்டு, நகரச் செய்திப் பத்திகளும், குடும்பங்களிடம் எஞ்சியுள்ள துண்டறிக்கைகளும் தேதி வாரியாகத் தொகுக்கப்படின் கித்தேரி முத்து தொடங்கி ஒரு சண்டை அட்டவணை உருவாகும். மற்றொன்று, நேர்காணலின் வினாநிரல். யாரை வென்றீர்கள் என்று கேட்பது வாதத்தையே மீண்டும் பதிவுசெய்யும். எந்த வயதில் மேடையேறினீர்கள், ஓர் ஆண்டில் எத்தனை சண்டை, சுற்று ஒன்றுக்கு என்ன கிடைத்தது, மயங்கி விழுந்தபோது எந்த மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர், மறுநாள் துறைமுக வேலைக்குப் போனீர்களா, இப்போது கை நடுங்குகிறதா என்று கேட்க வேண்டும். இவ்வினாக்களை வீரரிடம் மட்டுமன்றி அவர் மனைவியிடமும் கேட்க வேண்டும். மேடையடியில் இல்லாத அவரே சண்டைக்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு நேர்ச் சான்று.