வாடியும் வாடி வீடும்

உழைப்பின் வரலாற்றை எழுதுவோர் நம்மிடையே தோன்றிவிட்டனர். ஓய்வின் வரலாற்றை எழுதுவோர் குறைவு. ஓய்வு என்பது உழைப்பு முடிந்தபின் எஞ்சும் வெறும் பொழுது என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஆயினும் ஒரு சமுதாயம் யாருக்கு எத்தனை நாள் ஓய்வு கொடுத்தது, அந்நாளில் அவர்கள் எங்கே சென்று தங்க அனுமதித்தது என்ற இரு கேள்விகளையும் கேட்டுப் பார்த்தால், அச்சமுதாயத்தின் உள்ளமைப்பு முழுவதும் வெளிப்பட்டுவிடும்.

மட்டக்களப்புக்கு வடக்கே அமைந்த பாசிக்குடா இக்கேள்விகளை எழுப்புவதற்கு ஏற்ற இடம். பாசி படர்ந்த குடா என்பது பெயரிலேயே விளங்கும். அலை அடங்கிய நீர். நெடுந்தூரம் நடந்து சென்றாலும் இடுப்பளவே ஆழம். வாடைக் காற்றின் சீற்றம் ஓய்ந்து, சித்திரை தொடங்கி ஆவணி வரை கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில், வார இறுதி தோறும் பஸ்களும் வான்களும் இங்கே வந்து நிற்கின்றன. ஓர் ஊர், ஓர் அலுவலகம், ஒரு பாடசாலை எனக் கூட்டங் கூட்டமாக மக்கள் இறங்குகின்றனர். பாயும் பானையும் விறகும் உடன் வருகின்றன. மர நிழலில் அடுப்பு மூட்டி, ஆக்கிப் பகிர்ந்து உண்டு, மாலைவரை நீராடித் திரும்புகின்றனர். அதே கரையின் இன்னொரு பகுதியிலோ வேலியிட்ட பெரும் விடுதிகள் நிற்கின்றன. இந்த இரு பகுதிகளும் எவ்வாறு தோன்றின?

கூட்டமாக வண்டி கட்டிப் புறப்படுவது தமிழருக்குப் புதிதன்று. வணிகக் கூட்டத்தைச் சாத்து என்றனர் நம் முன்னோர். சிலப்பதிகாரத்தில் கோவலனின் தந்தை மாசாத்துவான்; பெருஞ் சாத்தின் தலைவன் என்பது அப்பெயரின் பொருள். கண்ணகிக்கு வைகாசி தோறும் சடங்கெடுக்கும் மட்டக்களப்பு மக்களுக்கு அந்தக் குடும்பத்தின் கதை அயலான கதையன்று. சங்கப் பாடல்களில் வரும் உமணரோ உப்பு வண்டிகளிலேயே குடும்பம் நடத்தியவர்கள். பிள்ளையுடைய பெண் எருதுகளை ஓட்டிச் செல்வதைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகின்றது. முறிந்தால் மாற்றுவதற்கென வேறோர் அச்சையும் அவர்கள் உடன் கொண்டு சென்றதைப் புறநானூற்றால் அறிகின்றோம்.

ஈழத்திலும் இத்தகைய கூட்டங்கள் இருந்தன. வண்டி செல்லும் பாதைகள் இல்லாத கண்டி இராச்சியத்துக்குப் பொதி மாடுகளே வாகனம். தவளம் எனப்பட்ட அப்பொதிமாட்டுக் கூட்டங்களுடன் கிழக்குக் கரையின் முஸ்லிம் வணிகர்கள் உப்பும் கருவாடும் துணியும் ஏற்றி மலைநாடு சென்றனர்; பாக்கு முதலியவற்றைக் கொண்டு மீண்டனர். வழியிலே அம்பலங்களில் தங்கினர். இவர்கள் யாவரும் பிழைப்புக்காக வழி நடந்தவர்கள். இவர்களது தங்கல் ஓய்வுதான். ஆனால் அது மறுநாள் நடப்பதற்கான ஓய்வு.

பிழைப்பை ஒதுக்கி வைத்துவிட்டு மக்கள் கூட்டமாகப் புறப்பட்டது திருவிழாக்களுக்கே. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்கும் மண்டூர் முருகன் கோயிலுக்கும், ஆடி அமாவாசையில் அமிர்தகழி மாமாங்கத்துக்கும் வண்டி கட்டிச் செல்வது உழவரின் வழக்கம். கதிர்காமத்துக்கோ கிழக்குக் கரை வழியே, உகந்தை கடந்து, காட்டினூடே கால்நடையாகச் சென்றனர், இன்றும் செல்கின்றனர். சோறாக்குவது, காவல் இருப்பது, நோயுற்றவரைத் தாங்குவது யாவும் அங்கே பொது வேலை. உழவனுக்கு ஆண்டில் கிடைத்த நெடிய ஓய்வு இதுவே. ஆனால் இதைப் பொற்காலமெனக் கொண்டாடிவிட முடியாது. கோயில் வாயிலில் சிலரைத் தடுத்த சாதி, வழியில் மூட்டிய அடுப்புகளையும் பிரித்தே வைத்தது. கூடிச் செல்வதும் சமமாய்ச் செல்வதும் ஒன்றாகிவிடவில்லை.

சமயமும் வாணிபமும் இல்லாமல், உல்லாசம் ஒன்றையே கருதி வண்டி கட்டிச் செல்லும் பழக்கம் ஒரு சங்கமாக உருவெடுத்தது இங்கிலாந்தில். ஸ்கொத்லாந்தில் பிறந்த கோர்டன் ஸ்டேபிள்ஸ் கடற்படையில் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். சிறுவர் கதைகள் எழுதியவர். சக்கரங்களின்மேல் அமைந்த அழகிய சிறு வீடொன்றைச் செய்வித்து, அதற்கு வாண்டரர், அதாவது அலைந்து திரிபவன், எனப் பெயரிட்டு, 1885ஆம் ஆண்டில் நாட்டின் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிப் பயணமானார். குதிரை ஓட்ட ஒருவனும் பணிவிடைக்கு ஒருவனும் உடன் சென்றனர். 1907இல் காரவன் சங்கம் நிறுவப்பட்டது. வசதி படைத்தோர் வார இறுதிகளிலும் விடுமுறைகளிலும் தத்தம் வண்டி வீடுகளை ஓரிடத்தில் கொண்டு வந்து நிறுத்தி, கூடிப் பேசி, உண்டு மகிழ்ந்து கலைந்தனர். பின்னாளில் மோட்டார் வண்டி பெருகியபோது நடுத்தர மக்களும் அதிற் சேர்ந்தனர்.

இந்த வண்டி வீட்டுக்கு முன்மாதிரி எது? ரோமா எனப்படும் நாடோடி மக்களின் வண்டியே. வறியவனின் வாழ்விடம் செல்வனின் விளையாட்டாகியது. அதுகூடத் தவறன்று, பிறர் வாழ்விலிருந்து இன்பம் கற்பதில் குற்றமில்லை. குற்றம் சட்டத்தில் இருந்தது. 1960இல் இயற்றப்பட்ட காரவன் தரிப்பிடச் சட்டம், அங்கீகாரம் பெற்ற பொழுதுபோக்குச் சங்கங்களுக்கு உரிமப் பத்திரம் வேண்டியதில்லை என விலக்களித்தது. அதே சட்டத்தைக் கொண்டு ஊராட்சி மன்றங்கள் பொதுவெளிகளை மூடி, காலங்காலமாக அங்கே தங்கிய நாடோடிகளை வெளியேற்றின. அவர்களுக்குத் தரிப்பிடம் அமைத்துக் கொடுப்பது மன்றங்களின் கடமை என்று 1968இல் இன்னொரு சட்டம் சொல்ல நேர்ந்தது. 1994இல் அந்தக் கடமையும் நீக்கப்பட்டது. சக்கரம் ஒன்றுதான். அதன்மேல் இருப்பவன் உல்லாசத்துக்கு வந்தவனா, வாழ வந்தவனா என்று பார்த்துச் சட்டம் இரண்டு முகம் காட்டியது.

இந்த இரட்டை முகம் நமக்கும் அந்நியமானதன்று. கிழக்கிலங்கையில் தெலுங்கு பேசும் குறவர் மக்கள் கழுதைகளில் ஓலைக் கூடாரங்களை ஏற்றி, பாம்பாட்டியும் குறி சொல்லியும் ஊரூராய்த் திரிந்தனர். அக்கரைப்பற்றை அடுத்த அளிக்கம்பையில் அவர்களுள் பலர் நிலையாகக் குடியேறிவிட்டனர். அவர்கள் கூடாரமடித்த நாட்களில் யாரும் அதை உல்லாசப் பயணம் எனப் போற்றவில்லை. சந்தேகத்தோடுதான் ஊர் பார்த்தது.

நம் மொழியிலேயே இதற்கு ஓர் அருமையான சான்று இருக்கின்றது. கரையில் மீனவர் பருவகாலத்துக்கு அமைக்கும் ஓலைக் குடிலை வாடி என்கிறோம். மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில், நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளின் மீனவர் கிழக்குக் கரைக்கு வந்து வாடி அமைத்துத் தொழில் செய்வது நெடுங்கால வழக்கம். மறுபுறம், பயணஞ் செய்யும் அதிகாரிகள் தங்குவதற்கு ஆங்கில ஆட்சியில் நடத்தப்பட்ட விடுதிக்கும் நாம் இட்ட பெயர் வாடி வீடு. சொல் ஒன்றுதான். ஒன்று வலை உலர்த்துபவனுடையது. மற்றையது கட்டில் விரித்துச் சமையற்காரனை அமர்த்தியது. முன்னையவன் பின்னையதற்குள் மீன் விற்க மட்டுமே நுழைய முடியும்.

இடத்தின் கதை இது. இனி நாளின் கதையைப் பார்ப்போம். வார இறுதி என்பது இயற்கை தந்ததன்று. கேட்டும் போராடியும் பெற்றது. இங்கிலாந்தின் நெசவாலைகளில் பெண்களுக்கும் இளையோருக்கும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணியோடு வேலை முடிய வேண்டும் என்ற விதி 1850இல் வந்தது. பம்பாய் ஆலைத் தொழிலாளர் ஞாயிறு விடுமுறையைப் பெற்றது 1890இல். அதற்காக நாராயண் மேகாஜி லோகண்டே பல ஆண்டுகள் பாடுபட்டார். பிரான்சில் 1936இன் மாபெரும் வேலைநிறுத்தங்களுக்குப் பிறகே தொழிலாளர் இரு வாரச் சம்பள விடுமுறை பெற்று முதன்முறையாகக் கடலைக் காணப் புறப்பட்டனர். இலங்கையிலே 1920களில் ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கம் தொடங்கி வைத்த போராட்ட மரபு, படிப்படியாகச் சட்டங்களாயிற்று. கடை, அலுவலக ஊழியருக்கு வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறையும் ஆண்டில் 14 நாள் விடுப்பும் 1954ஆம் ஆண்டின் சட்டத்தால் உறுதியாயின.

வார இறுதி அரசின் கையில் இருக்கும் பொருள் என்பதற்கு நம் நாடே விந்தையான சான்று. 1966இல் ஞாயிறு விடுமுறை நீக்கப்பட்டு, பிறையின் நாற்கூறுகளையொட்டிய போயா நாட்களும் அவற்றின் முன்னாட்களும் விடுமுறையாயின. வாரத்தின் நீளமே சந்திரனைப் பின்பற்றி மாறியது. ஞாயிறு வழிபாட்டுக்குச் செல்லும் கத்தோலிக்கர் வேலைக்கும் கோயிலுக்கும் இடையே அல்லற்பட்டனர். 1971இல் சனி, ஞாயிறு மீண்டன. பூரணைப் போயா மட்டும் விடுமுறையாக நிலைத்தது. பெரும்பான்மையின் நாட்காட்டியே நாடு முழுவதற்கும் ஓய்வு நாளை வகுத்த காலம் அது.

அப்பொழுதும் ஓய்வு பெறாதவர் இருந்தனர். மலையகத் தோட்டத் தொழிலாளிக்குப் பெரும்பாலும் வேலை செய்த நாளுக்கே கூலி. வயற்கூலிக்கும் கடற்றொழிலாளிக்கும் சட்டம் வகுத்த வார இறுதி எதுவும் இல்லை. வீட்டில் அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கோ உல்லாசப் பயணத்திலும் அடுப்பே காத்திருக்கின்றது. பாசிக்குடாவின் மர நிழலைச் சற்று உற்று நோக்கினால் இது தெரியும்: ஆடவரும் பிள்ளைகளும் நீரில், பெண்கள் புகையில்.

இப்பொழுது கரைக்குத் திரும்புவோம். 1928இல் மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்தது. கல்குடாவில் நிலையம் அமைந்தபின் பாசிக்குடா தூரத்து மக்களுக்கும் எட்டியது. ஓட்டமாவடியில் புகையிரதமும் வீதி வாகனங்களும் ஒரே இரும்புப் பாலத்தில் மாறி மாறிக் கடந்தமை நம் தலைமுறையினருக்கும் நினைவிருக்கும். 1950களில் வாழைச்சேனையில் அரசாங்கக் காகித ஆலை எழுந்தபோது, மாதச் சம்பளமும் விடுமுறையும் பெறும் தொழிலாளர் கூட்டமொன்று இக்கரையின் அருகிலேயே உருவாயிற்று.

1966இல் சுற்றுலாச் சபை நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டு தொடங்கிய பத்தாண்டுத் திட்டம் கிழக்குக் கரையை முதன்மையான உல்லாசப் பகுதிகளுள் ஒன்றாகக் குறித்தது. 1970களில் விடுதிகள் எழுந்தன, வெளிநாட்டார் வந்தனர். 1978 நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி மட்டக்களப்பைச் சிதைத்தது. தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் போர் வந்தது, விடுதிகள் பாழடைந்தன. கடற்கரைக்கு உல்லாசமாகச் செல்வது என்ற சொல்லே வழக்கிழந்த ஆண்டுகள் அவை. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை எஞ்சியதையும் வாரிச் சென்றது. 2009இல் போர் முடிந்தபின் விடுதிகளுக்கென நிலம் வகுக்கப்பட்டு, 2011 முதல் புதியவை ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கப்பட்டன. படகு இறக்கும் இடமும் கரைக்குச் செல்லும் வழியும் சுருங்குகின்றன என மீனவர் முறையிட்டனர்.

விடுதிகளால் வேலை கிடைக்கின்றதே என்பர். உண்மைதான், போரில் யாவும் இழந்த பகுதிக்கு வேலை வேண்டும். விருந்தினர் வருவதும் நன்றே. ஆனால் வேலை கொடுத்ததற்கு விலையாகக் கரையைக் கேட்பது எந்த நீதி? அலை தொடும் முன்கரை அரசின் உடைமை. அரசின் உடைமை என்றால் மக்களின் உடைமை. விடுதி அறையில் தங்குபவனுக்கும் வானில் பானையோடு வந்து இறங்குபவனுக்கும் வலை இழுப்பவனுக்கும் அந்த நீர் ஒன்றே.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை பெரியவை அல்ல. படகு இறக்கும் துறை மீனவருக்கு எழுத்தில் உறுதியாக வேண்டும். கரைக்குச் செல்லும் வழிகள் அடைபடாதிருக்க வேண்டும். கூட்டமாக வருவோருக்கு நிழல் மரமும் குடிநீரும் கழிப்பிடமும், பெண்கள் உடைமாற்ற மறைவிடமும் பொதுச் செலவில் அமைய வேண்டும். நாட்கூலிக்காரனுக்கும் சம்பளத்தோடு கூடிய ஓய்வு நாள் வேண்டும். சாத்துக்குச் சத்திரமும் தவளத்துக்கு அம்பலமும் கட்டி வைத்த நாடு இது; முகமறியாத வழிப்போக்கனுக்கு நிழல் கொடுப்பது அன்று அறம் எனப்பட்டது. இன்று அதன் பெயர் உரிமை. மலைநாட்டுக் கொழுந்தெடுக்கும் பெண் ஒருத்தி, ஒரு நாட் கூலியையும் இழக்காமல், தன் பிள்ளைகளோடு பாசிக்குடா நீரில் கால் நனைக்கும் நாளிலேதான் அவ்வுரிமை நிலைபெற்றது என்று நாம் சொல்லலாம்.