தோல் மறப்பதில்லை

சினிமாவில் பல தடவை பார்த்திருப்பீர்கள். இரவு நேரம், மழை தூறுகிறது, யாரோ கதவைத் தட்டுகிறார்கள். திறந்தால், கணுக்கால் வரை தொங்கும் கறுப்புத் தோல் கோட்டோடு ஒருவன் நிற்பான். அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே, 'இவன் ஹிட்லரின் ரகசியப் போலீஸைச் சேர்ந்தவன்' என்று நமக்குத் தெரிந்துவிடும்.

சரித்திரம் சினிமாவைப் போல் அத்தனை சௌகரியமானதல்ல. அந்தக் காலத்து ஜெர்மனியில் மோட்டார் ஓட்டியவர்கள், டாக்டர்கள், வியாபாரிகள் என்று, குளிருக்கு அஞ்சிய, கையில் காசுள்ள பலரும் நீண்ட தோல் கோட்டு அணிந்தார்கள். ரகசியப் போலீஸாரோ பெரும்பாலும் சாதாரண உடையில் திரிந்தவர்கள். ஆகவே கோட்டைப் பார்த்தவுடன் ஆளைச் சொல்லிவிட முடியாது. பழைய யுத்தச் சாமான்களைச் சேகரிப்பவர்களின் உலகத்தில் ஒரு பெரிய வியாபாரமும் ஒரு பெரிய மோசடியும் நடப்பதற்கு இந்தக் குழப்பமே மூலதனம். டாக்டரின் கோட்டுக்கு ஒரு விலை. ஜெனரலின் கோட்டுக்கு வேறு விலை அல்லவா?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இரண்டாவது உலக யுத்தத்தில் ஜெர்மன் சிப்பாய்க்குச் சர்க்கார் கொடுத்தது கம்பளிக் கோட்டு. மோட்டார் சைக்கிளில் போகிறவனுக்கு ரப்பர் பூசிய துணிக் கோட்டு கிடைத்தது. நீர்மூழ்கிக் கப்பலில் இருந்தவர்களுக்குக் கடற்படையே தோல் உடை வழங்கியது. ஆனால் தரைப்படை, விமானப்படை அதிகாரிகளின் கதை வேறு. அவர்கள் தங்கள் சீருடையைத் தாங்களே தைத்துக்கொள்ள வேண்டும். அதற்காகச் சர்க்கார் ஒரு படி கொடுத்தது. தோல் கோட்டு என்பது அதிகாரி தம் சொந்த ஆசைக்குச் சொந்தப் பணத்தில் வாங்கிக்கொண்ட பொருள். தையற்காரர் எத்தனை பேரோ அத்தனை மாதிரி. ஒன்று பச்சை கலந்த சாம்பல் நிறம், ஒன்று நீலச் சாம்பல், இன்னொன்று கறுப்பு.

இதிலிருந்து வேடிக்கையான ஒரு முடிவு பிறக்கிறது. சர்க்கார் முத்திரை இல்லையே என்பதற்காக ஒரு கோட்டைப் போலி என்று தள்ள முடியாது. மாறாக, உள்ளே கழுகும் முத்திரையும் இலக்கங்களும் மலிந்து கிடந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். உண்மை அடக்கமாக இருக்கும். பொய்தான் அதிகமாகப் பேசும்.

அப்படியானால், முத்திரையில்லாத ஒரு கோட்டை ராணுவக் கோட்டு என்று எதைக் கொண்டு சொல்வது? தோளைப் பார்க்கிறார்கள். அதிகாரியின் பதவியைக் காட்டும் தோள்பட்டையைச் செருக, தோளின் ஓரத்தில் ஒரு சிறு வளையமும் காலருக்கு அருகில் ஒரு பித்தானும் வேண்டும். சில கோட்டுகளில் உடைவாளைத் தொங்கவிட இடது பக்கத்தில் ஒரு பிளவும் இருக்கும். சாதாரண மனிதரின் கோட்டில் இவை இரா. இந்த ரகசியம் மோசடிக்காரனுக்கும் தெரியும். பழைய டாக்டர் கோட்டு ஒன்றை மலிவாக வாங்கி, தோளில் இரண்டு வளையம் தைத்துவிட்டால், டாக்டர் ஒரே ராத்திரியில் ஜெனரலாகிவிடுகிறார்!

இங்கேதான் தோல் தன் சாட்சியத்தைச் சொல்கிறது. துணியில் தையலைப் பிரித்தால், இரண்டு சலவையில் ஊசித் துளை மூடிக்கொள்ளும். தோலில் அது நடக்காது. ஒரு முறை குத்திய துளை, குத்தியதுதான். பல வருஷம் வெயில் பட்ட கோட்டில், ஆதியிலிருந்தே இருந்த வளையத்தின் அடியில் தோல் நிறம் மங்காமல் இருக்கும். நேற்றுத் தைத்த வளையத்தின் அடியிலோ சுற்றிலும் உள்ள அதே வெளிறல்தான் தெரியும்.

எதிர்த்திசையிலும் துளைகள் பேசும். 1945இல் ஜெர்மனி வீழ்ந்த பிறகு, வீடு திரும்பியவர்களிடம் மாற்று உடை இல்லை. சீருடையை உடுத்தலாம், ஆனால் சின்னங்களைப் பிய்த்துவிட்டு, வேறு சாயம் தோய்த்தே உடுத்த வேண்டும் என்றார்கள் வெற்றி பெற்ற நாட்டார். ஆகவே வளையமே இல்லாமல், வளையம் இருந்த துளைகள் மட்டும் மிஞ்சி, வெளியே கறுப்பும் பைக்குள் பழைய சாம்பல் நிறமுமாக இருக்கும் ஒரு கோட்டு, பளபளப்பான ஜெனரல் கோட்டைவிட நம்பத் தகுந்ததாக இருக்கலாம்.

அடுத்த சாட்சி நூல். இன்று உலகமெங்கும் தைக்கப் பயன்படும் பாலியெஸ்டர் இழையை இங்கிலாந்தில் கண்டுபிடித்ததே 1941இல்தான். அது கடைக்கு வந்தது யுத்தம் முடிந்த பின். பழைய கோட்டின் தையலிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துத் தீயில் காட்டுகிறார்கள். பருத்தி நூலானால் காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டரானால் உருகிக் கறுத்த மணியாகத் திரளும். மணி திரண்டால் அந்தத் தையல் யுத்த காலத்ததல்ல. ஆனால் அதை வைத்துக் கோட்டையே போலி என்று சொல்லிவிடக் கூடாது. பிற்காலத்தில் கிழிசலைத் தைத்திருக்கலாம். எந்தத் தையல் என்பதுதான் கேள்வி. தோள் வளையத்தின் தையல் என்றால் ஜெனரல் தொலைந்தார்!

இந்த நூல் பரீட்சை கோட்டு விஷயத்தில் மட்டும் பயன்பட்டதல்ல. 1983இல் 'ஸ்டெர்ன்' என்ற ஜெர்மன் பத்திரிகை, ஹிட்லரின் டயரிகள் அகப்பட்டுவிட்டன என்று உலகத்துக்கு அறிவித்தது. அவற்றுக்காக அது கொடுத்த தொகை 90 லட்சம் மார்க்குக்கும் மேல். டிரெவர்-ரோப்பர் என்ற பெரிய சரித்திர ஆசிரியரும் முதலில் அவை அசல் என்றே கருதினார். ஜெர்மன் அரசாங்க ஆவணக் காப்பகம் காகிதத்தையும் நூலையும் சோதித்தது. காகிதத்தில், யுத்தத்துக்குப் பிறகே பயன்பாட்டுக்கு வந்த வெளுப்பு ரசாயனம் இருந்தது. நூலில் பாலியெஸ்டர் இருந்தது. குட்டு உடைந்தது. எழுதியவர் கான்ராட் குயாவ்; ஸ்டுட்கார்ட் நகரத்தில் நாஜிக் காலத்துப் பொருள்களை விற்று வந்தவர். 1985இல் அவருக்கு நாலரை வருஷம் சிறைத் தண்டனை விதித்தார்கள். மேதையை ஏமாற்றிய கையெழுத்தை ஒரு நூலிழை காட்டிக் கொடுத்துவிட்டது.

மூன்றாவது சாட்சி, தையற்காரர் வைத்த லேபிள். அதில் 'ஃபௌ.ஏ.பே.' (VEB) என்ற மூன்று ஜெர்மன் எழுத்துக்கள் இருந்தால் அது கிழக்கு ஜெர்மனியின் பொதுவுடைமைத் தொழிற்சாலைச் சரக்கு. விலாசத்தில் நாலு இலக்க அஞ்சல் எண் இருந்தால் 1961க்கு முற்பட்டதாக இருக்க முடியாது. ஐந்து இலக்கமானால் 1993க்குப் பிறகு. மூன்று கிரீடங்கள் பொறித்திருந்தால் கோட்டு ஸ்வீடன் நாட்டு ராணுவத்தினுடையது. அந்த யுத்தத்தில் ஸ்வீடன் சண்டையே போடவில்லை!

'கோட்டை வாங்கு, கதையை வாங்காதே' என்பது சேகரிப்பவர்களிடையே வழங்கும் எச்சரிக்கை. 'இது என் தாத்தா ரஷ்யாவிலிருந்து கொண்டுவந்தது' என்று விற்பவர் ஆரம்பித்தால், காதைப் பொத்திக்கொண்டு தையலைப் பார் என்கிறார்கள். கதையை விற்றே காலம் தள்ளுகிற எனக்கு இதைக் கேட்கச் சற்றுச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நியாயம் அவர்கள் பக்கம். கதையில் நான் சொல்லும் பொய்யைப் பொய் என்று தெரிந்தே நீங்கள் படிக்கிறீர்கள். அந்த ஒப்பந்தம் கோட்டு வியாபாரத்தில் இல்லை.

'அசலானால் என்ன, போலியானால் என்ன? பணக்காரர்களின் பொழுதுபோக்குத்தானே?' என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன், இன்னொரு லேபிளைப் பற்றிப் படிக்காமல் இருந்திருந்தால்.

'அடெஃபா' என்பது அதில் உள்ள சொல். 1933இல் ஜெர்மன் துணி உற்பத்தியாளர்கள் சிலர் கூடி அமைத்த சங்கத்தின் பெயர் அது. அந்த லேபிள் உள்ள உடையில் யூதர் கை படவில்லை என்பது அதன் பொருள். உடையின் தரத்தைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை. தைத்தவரின் பிறப்பைப் பற்றி மட்டும் சொன்னது. யூதர்களைத் துணித் தொழிலிலிருந்து துரத்துவதே சங்கத்தின் நோக்கம். 1939இல் சங்கத்தைக் கலைத்துவிட்டார்கள். துரத்த வேண்டியவர்களைத் துரத்தியாகிவிட்டது. இனி அதற்கு வேலை இல்லை.

சேகரிப்பவருக்கு அந்த லேபிள் ஓர் அதிர்ஷ்டம். உடை 1933க்கும் 1939க்கும் நடுவில் தைத்தது என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி வேண்டியதில்லை. விலை ஏறும். ஆனால் அந்த அத்தாட்சி எப்பேர்ப்பட்டது என்பதை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.

பெர்லினில் ஹவுஸ்ஃபோக்டைப்ளாட்ஸ் என்று ஒரு சதுக்கம் இருக்கிறது. ஒரு காலத்தில் ஜெர்மனியின் ஆயத்த உடை வியாபாரத்துக்கே அதுதான் தலைநகரம். அங்கிருந்த கடைகளில் பெரும்பகுதி யூதர்களுடையவை. சிலர் நாட்டை விட்டு ஓடினார்கள். சிலர் கடையைப் பறிகொடுத்தார்கள். பலர் கொலை முகாம்களில் மாண்டார்கள். 2000ஆம் வருஷத்தில் அங்கே ஒரு நினைவுச் சின்னம் வைத்தார்கள். சுரங்க ரயில் நிலையத்திலிருந்து மேலே ஏறும் படிகளில் அந்த உடைக் கம்பெனிகளின் பெயர்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

போலி ஜெனரல் கோட்டைத் தைப்பவன் வாங்குபவரின் பணத்தை மட்டும் திருடவில்லை. அணிந்தவரின் பெருமையைப் பெரிதாக்கி, தைத்தவரின் கதையை மூடிவிடுகிறான். ஆகவே எங்கேனும் ஒரு பழைய கோட்டைக் காண நேர்ந்தால், தோளில் பட்டை இருந்ததா என்று மட்டும் பார்க்க வேண்டாம். உள் பையைத் திருப்பி, யார் தைத்தார்கள், யாரைத் தைக்க விடவில்லை என்பதையும் பாருங்கள்.